பாய்மரத்துக் காகம்

"படகு இப்ப கரையிலதானே நிக்குது, அப்பா. இனியாவது பாலாவுக்கு உண்மையைச் சொல்லுங்கோ."

தவமலர் கிரெனடாத் தீவிலிருந்து வந்த கடிதத்தின் முதல் வரியை மட்டும் பார்த்துவிட்டு மேசையில் வைத்தாள். கணேசலிங்கம் துடைத்த மூக்குக்கண்ணாடியையே மறுபடி துடைத்து, மகளின் பார்வையைத் தவிர்த்தார்.

பாலேந்திரா அவருடைய ஒரே மகன். லண்டன் விசா மறுக்கப்பட்டபின், ஓர் ஆங்கிலேயத் தம்பதியின் பாய்மரப் படகில் வேலைக்குச் சேர்ந்து, மூன்று ஆண்டுகளாகக் கரீபியன் தீவுகளைச் சுற்றிக்கொண்டிருந்தான். அவனுடைய தாய் கனகாம்பிகை இரண்டு ஆண்டுகளுக்கு முன், ஒரு தை மாதக் குளிரில், லண்டனில் இந்த நோர்பரி வீட்டிலேயே கண்ணை மூடினாள். அந்தச் செய்தி மகனுக்கு மட்டும் போகவில்லை. பின்னாளில் கைவாதம் வந்த அவள் சொல்லச் சொல்லக் கணவர் எழுதுவதே வழக்கம். ஆகவே அவள் போன பின்னும், "அன்புள்ள மகனுக்கு, அம்மா எழுதுவது" என்று அதே கையெழுத்தில் கடிதங்கள் போய்க்கொண்டேயிருந்தன. தொலைபேசியில் அம்மாவைக் கூப்பிடச் சொல்லி அவனும் ஏனோ கேட்டதில்லை.

"நடுக்கடல்ல பாய்மரத்தில குந்தின காகத்துக்குப் பறந்துபோக வேற மரம் ஏது, பிள்ளை? அழுகிறதெண்டாலும் அதிலயேதான் குந்தியிருந்து அழவேணும்."

"காகம் கரைக்கு வந்திட்டுது எண்டுதானே சொல்லுறன். பூனை கண்ணை மூடினா உலகம் இருண்டிடுமே?"

"முதல்ல கடிதத்தை வாசி."

தவமலர் வாசித்தாள்.

"அன்புள்ள அம்மாவுக்கு, படகைக் கரையில் ஏற்றி முட்டுக்கொடுத்து நிறுத்தியிருக்கிறோம். அடிப்பாகம் முழுக்கப் பாசியும் சிப்பியும். மூன்று நாளாகச் சுரண்டுகிறேன். தலையெல்லாம் பழைய சாயத்தின் நீலத்தூள். தண்ணீர் இறைக்கும் பம்ப் மறுபடி பழுது. கிழிந்த பாயை நானே தைத்தேன். பள்ளிக்கூடக் காற்சட்டைக்கு நீங்கள் போட்டுத் தந்த அதே இரட்டைத் தையல்."

"இரட்டைத் தையலாம்." கணேசலிங்கம் சிரித்தார். "ஊசியில நூல் கோக்கத் தெரியாதவன்."

தவமலர் சிரிக்கவில்லை.

"போன மாசம் சித்திரா பௌர்ணமிக்கு மனோர் பார்க் கோயில்ல விரதம் இருந்தன். தாயைப் பறிகொடுத்த பிள்ளையள் பிடிக்கிற விரதம். அண்டைக்கு அவன் அங்க மீன் பொரிச்சுத் திண்டிருப்பான். பெத்த தாய்க்கு ஒரு நாள் பட்டினி கிடக்கிற உரிமையையும் பறிச்சுப்போட்டியள், அப்பா."

அந்தச் சொல் தைத்த இடத்திலேயே நின்றது. அவர் வெள்ளைத்தாள் ஒன்றை இழுத்து, பேனாவைத் திறந்தார். "அம்மா எழுதுவது" என்று எழுதிப் பழகிய கை, "அப்பா" என்று எழுத மறுத்தது.

"எப்பிடித் தொடங்கிறது, பிள்ளை? எனக்கு ஏலாமல் கிடக்கு."

"பின்பக்கத்தில இன்னும் நாலு வரி கிடக்கு, நானும் பார்க்கேல்லை. அதையும் கேட்டிட்டுத் தொடங்குங்கோ."

தவமலர் தாளைத் திருப்பினாள். உரத்துத் தொடங்கிய குரல் பாதியிலேயே தாழ்ந்துபோயிற்று.

"சித்திரா பௌர்ணமியன்று நடுக்கடலில் நின்றோம். பறக்கும் மீன்கள் தாமாகவே படகுத் தளத்தில் வந்து விழுந்தன. ஆனால் அம்மா, போன வருடத்தைப் போலவே இந்த முறையும் நான் மீன் தொடவில்லை, வாழைப்பழமும் தண்ணீரும்தான். அப்பாவை இனித் தன் பெயரிலேயே எழுதச் சொல்லுங்கள்."