எக்காளம் பாதியில் நின்றது

எக்காளம் பாதியில் நின்றுவிட்டது. ஆனால் ஆர்டன் கிழவர் அதை உதட்டிலிருந்து எடுக்காமல், கன்னத்தை உப்பிக்கொண்டு அப்படியே நின்றார்.

எதிரே சவப்பெட்டி. உள்ளே அவருடைய நாற்பது வருஷ சிநேகிதர், பழைய சிப்பாய் வர்ஜில். அமெரிக்காவின் டகோட்டாக் குளிரில் வெடவெடத்துக்கொண்டு நின்ற ஊர் ஜனம் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டது.

சிப்பாய்களின் அடக்கத்தில் வர்ஜில் ஊதிவந்த அந்த எக்காளம், அவர் ஆஸ்பத்திரியில் கிடந்த இரண்டு மாதமாகத்தான் ஆர்டன் கையில் இருந்தது.

அடக்கம் முடியும்வரை வர்ஜிலின் மகன் கெண்டல் பல்லைக் கடித்துக்கொண்டிருந்தான். முடிந்ததும், கல்லறைத் தோட்டத்து ஆபீசுக்குள் ஆர்டனைத் துரத்திக்கொண்டு வந்தான். எக்காளத்தைப் பிடுங்கி அதன் வாய்க்குள் கையை விட்டான். சோப்புக்கட்டி அளவில் ஒரு கறுப்புப் பெட்டி வெளியே வந்தது. பொத்தானை அமுக்கினால் தானே பாடும் பெட்டி.

"என்ன அங்கிள் இது? பொம்மைக் கடையில வாங்கினதா?"

"இல்ல தம்பி. இப்ப எல்லா இடத்துலயும் இதுதான். ஊதறதுக்கு ஆள் கிடைக்கல."

"என்கிட்ட சொல்லியிருந்தா டென்வர்லேருந்து ஆளைக் கூட்டிட்டு வந்திருப்பேனே! எங்கப்பா யாரு? இந்த மண்ணுல புதைச்ச முதல் சிப்பாய்க்கு ஊதினவர். முப்பது வருஷம், பனியோ மழையோ, ஒருநாள் தவறினதில்ல. அவருக்குப் போய் பேட்டரிப் பாட்டா?"

ஆர்டன் தலையைக் குனிந்துகொண்டார்.

மேசைமேல் ஒரு தடித்த நோட்டு கிடந்தது. அந்தக் கல்லறைத் தோட்டத்தின் முப்பது வருஷ வரலாறு. ஆறு மாதமாக ஆர்டன்தான் உட்கார்ந்து எழுதிவருகிறார். முதல் பக்கத்தில், எக்காளமும் கையுமாக வர்ஜிலின் படம். கீழே ஆர்டனின் கோணல் எழுத்து: 'இங்கே உறங்கும் ஒவ்வொருவரையும் தன் மூச்சால் வழியனுப்பியவர்.'

கெண்டல் அந்த நோட்டை அவர் பக்கம் தள்ளினான்.

"இன்னிக்கு நடந்ததையும் எழுதுங்க. உங்க பேரைப் போட்டு. என் பிள்ளைங்க படிக்கட்டும்."

ஆபீசைப் பார்த்துக்கொள்ளும் மார்லிஸ் குறுக்கே வந்தாள். "விடுங்க கெண்டல். பாவம், வயசானவர்."

"வயசாயிட்டா ஏமாத்தலாமா?"

ஆர்டன் நோட்டைத் திறந்தார். அதில் எழுதி, வாய்விட்டுப் படித்தும் காட்டினார்.

"'வர்ஜிலின் அடக்கத்தன்று ஆர்டன் ஊதவில்லை. ஊதுவதுபோல் நடித்தார்.' போதுமா தம்பி?"

"போதும். இனிமே அந்த எக்காளத்தைத் தொடாதீங்க."

"சரிப்பா."

கதவு படாரென்று சாத்திக்கொண்டது.

போன இலையுதிர் காலத்தில்தான் வேலைக்கு வந்த மார்லிஸுக்கு மனசு கேட்கவில்லை. சூடாகக் காப்பி ஊற்றி அவர் முன்னால் வைத்தாள்.

"அந்தப் பக்கத்தைக் கிழிச்சுடவா?"

"வேண்டாம்மா. இருக்கட்டும்."

"எத்தனை அடக்கத்துக்கு மரியாதை வேட்டுப் போடத் துப்பாக்கி தூக்கிட்டு இந்தப் பனியில நின்னிருக்கீங்க! ஊருக்கு அதெல்லாம் மறந்துபோகும். இந்த ஒரு வரிதான் நிக்கும்."

"தெரியும்," என்றார் ஆர்டன். கண் கலங்கிவிட்டது. அவருக்கும் பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். அவர்களும்தான் படிப்பார்கள்.

மார்லிஸுக்கு அந்தப் பெட்டிமேல் கோபம் வந்தது. "எல்லாம் இந்தப் பாழாப்போன பேட்டரியால வந்தது. காலையிலயே ஒரு தடவை பாத்திருக்கக் கூடாதா நீங்க?"

ஆர்டன் பெட்டியைக் கையில் எடுத்துத் துடைத்தார். கெண்டலின் கார் வாசலைத் தாண்டும்வரை ஜன்னல் வழியே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, மெதுவாகச் சொன்னார்.

"எனக்குத் தோணவே இல்ல மார்லிஸ். தன்னோட பல்லெல்லாம் விழுந்து ஊத முடியாமப் போன நாள்லேருந்து, பதினாலு வருஷமா, திங்கக்கிழமை தவறாம இதுக்குப் பேட்டரி மாத்தினது வர்ஜில்தான்."