பொட்டு வைத்த கியர் கம்பி

காருக்குள் கியர் கம்பி ஜம்மென்று நின்றது. ஆயுத பூஜை வந்தால் அதன் தலையில்தான் சந்தனமும் குங்குமமும் வைப்பார்கள். அதற்குக் கீழே, கம்பியும் இரும்புத் தண்டும் சேரும் இடத்தில், இரண்டும் ஒன்றோடொன்று இடிக்காமல் நடுவில் உட்கார்ந்து தேய்ந்துகொண்டிருந்தது புஷ் என்கிற ஒரு சின்ன பிளாஸ்டிக் வளையம். அப்படி ஒன்று இருப்பதே யாருக்கும் தெரியாது.

ஒருநாள் கம்பி கடகடவென்று ஆட ஆரம்பித்தது. மூன்றாவது கியர் போட்டால் முதல் கியரில் போய் விழுந்தது.

"எல்லாம் உன்னாலதான்" என்றது கம்பி.

"உங்க ஆட்டத்தையெல்லாம் நான்தானே அண்ணே தாங்கினேன்?" என்றது புஷ்.

"தாங்குறவன் எதுக்குடா தேஞ்சே?"

ஞாயிற்றுக்கிழமை காரின் சொந்தக்காரர் தணிகாசலம் தன் வீட்டு வாசலிலேயே காரை ஜாக்கி போட்டுத் தூக்கி, அடியில் சாக்கை விரித்துப் படுத்தார். ஸ்க்ரூடிரைவரால் நெம்பியதும் புஷ் இரண்டு துண்டாகத் தரையில் விழுந்தது.

"இந்தச் சுண்டைக்காயா என்னைப் பாடாப் படுத்துச்சு?" என்றபடி, கிரீஸ் தடவிய புது புஷ்ஷை அழுத்தி மாட்டினார்.

புதுசு மரியாதையாகப் பேச்சைத் தொடங்கியது. "எனக்கு முன்னாடி இங்க யாருண்ணே இருந்தாங்க?"

"அவனா? ஒரு இடத்துல உறுதியா நிக்கத் தெரியாத பய."

"நான் அப்படியில்லண்ணே" என்று புதுசு கம்பியை இறுக்கிக் கட்டிக்கொண்டது.

தரையில் கிடந்த பழைய புஷ்ஷின் காதில் எல்லாம் விழுந்தது. வந்த முதல் நாள் அதுவும் இதே கேள்வியைத்தான் கேட்டது. இதே பதில்தான் வந்தது. அன்றைக்கு அது கம்பியோடு சேர்ந்து சிரித்தது.