வெயில் கட்லெட்

"என் தம்பியை என்னன்னு நெனச்சிட்டிருக்கே? ஆடா, மாடா?"

அக்கா கேட்டாள். தம்பி மனைவி கேரட்டைத் துருவிக்கொண்டே இருந்தாள்.

தம்பிக்குத் தீயணைப்பு நிலையத்தில் வேலை. பெயின்ட் கிடங்கு ஒன்றில் பற்றிய தீயை அணைக்கப் போய், முழங்கை வரை வெந்து திரும்பியவன். புண் ஆறிவிட்டது. லீவு முடியவில்லை. அவனைப் பார்த்துவிட்டுப் போகலாமென்று முந்தின நாள் வந்திறங்கிய அக்காவுக்கு, அந்த வீட்டில் ஒரு டம்ளர் காபிகூடச் சூடாகக் கிடைக்கவில்லை.

அடுப்பின் மேல் துணியைப் போர்த்தி, அதன் மேல் பழக்கூடையை வைத்திருந்தாள் தம்பி மனைவி. இனிமேல் சமைக்காத சாப்பாடுதானாம். பாலும் கிடையாது, முட்டையும் கிடையாது. ஏன் என்று கேட்டால், வீடியோவில் பார்த்தேன், உடம்புக்கு நல்லது என்று பட்டும் படாமலும் சொன்னாள்.

சொந்தபந்தம் முழுக்க இதே பேச்சாக இருந்தது. புருஷன் செத்துப் பிழைத்து வந்திருக்கிறான், இவளுக்கு அடுப்படியில் நிற்க வலிக்கிறது என்றார்கள். அக்கா அதுவரை நம்பவில்லை. இப்போது நம்பினாள்.

தம்பியிடம் கேட்டுப் பார்த்தாள். அவன் ஜன்னலைப் பார்த்தபடி, "அவ இஷ்டம்க்கா" என்றான். தாயில்லாத அந்தப் பிள்ளையைத் தூக்கி வளர்த்தவள் அக்கா.

தம்பி மனைவி தன் பாட்டுக்கு வேலையைப் பார்த்தாள். வெள்ளரிக்காயைத் துருவி, உப்புப் போட்டுப் பிசிறி, தண்ணீரை ஒட்டப் பிழிந்தாள். இளஞ்சோளத்தைக் கதிரிலிருந்து உதிர்த்தாள். குடைமிளகாயைப் பொடிப்பொடியாக நறுக்கினாள். ஊறவைத்த சூரியகாந்தி விதையை மிக்ஸியில் ஓட்டி எல்லாவற்றோடும் சேர்த்தாள். உதிராமல் பிடிக்க ஆளிவிதைப் பொடி, மேலே எலுமிச்சைச் சாறு. உள்ளங்கையில் வைத்துத் தட்டித் தட்டித் தட்டில் அடுக்கினாள்.

"கட்லெட்டுன்னா எண்ணெயில பொரிக்கணும். இதை என்ன பண்ணப் போறே?"

"மொட்டை மாடியில வெச்சா வெயிலே பதமாக் காய வெச்சிடும் அண்ணி."

வலைத்துணியால் தட்டை மூடிக்கொண்டு அவள் மாடிக்குப் போனாள்.

அக்கா இதற்காகத்தான் காத்திருந்தாள். காலையிலேயே கடைக்குப் போய்க் காய்கறி சூப்புக்கு வேண்டியதையெல்லாம் வாங்கி ஒளித்து வைத்திருந்தாள். தம்பி ஒரு கிண்ணம் சூடாகக் குடிக்கட்டும், அப்புறம் இவள் என்ன சொல்கிறாள் பார்க்கலாம். பழக்கூடையை இறக்கினாள். துணியை உருவினாள். பாத்திரத்தை ஏற்றி, லைட்டரை அழுத்தினாள்.

புஸ்ஸென்று தீ பிடித்தது.

கூடத்தில் நாற்காலி சாய்ந்து விழும் சத்தம். ஓடிப் போய்ப் பார்த்தாள்.

மேசைக்கும் சுவருக்கும் நடுவில் இருந்த இடுக்கில், தலையை இரண்டு கைகளாலும் பொத்திக்கொண்டு குந்தியிருந்தான் தம்பி. உடம்பு வெடவெடவென்று நடுங்கியது. அணிந்திருந்த பேன்ட் நனைந்து, தரையில் ஈரம் பரவிக்கொண்டிருந்தது.

"டேய், என்னடா ஆச்சு?" என்று அக்கா அலறினாள்.

சத்தம் கேட்டு இறங்கி வந்த தம்பி மனைவி முதலில் அடுப்பை அணைத்தாள். பிறகு அந்த ஈரத்திலேயே அவன் பக்கத்தில் உட்கார்ந்து அவன் கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டாள். நடுக்கம் அடங்க வெகுநேரம் ஆயிற்று. அவனைக் குளிக்க அனுப்பிவிட்டுத் தரையைத் துடைத்தபடியே சொன்னாள்.

"அன்னிக்கு இவரோட கிடங்குக்குள்ள போனவர் வெளிய வரல அண்ணி. அவர் கத்தினது இவருக்கு இன்னமும் கேக்குது. அடுப்பு பத்துற சத்தம் கேட்டா இப்படித்தான் ஆயிடுறார். டாக்டர்கிட்ட போயிட்டுதான் இருக்கோம், மெதுவாச் சரியாயிடும்னு சொல்றாங்க."

அக்கா அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எங்கிட்டயாவது சொல்லியிருக்கக் கூடாதா?"

"தீயணைக்கிறவன் அடுப்புக்குப் பயப்படுறான்னு ஒருத்தர் சிரிச்சாக்கூட இவர் தாங்க மாட்டார். எனக்குக் கிறுக்குன்னு ஊரே சொல்லட்டும், நான் தாங்கிப்பேன். அவரா வாயைத் தொறந்து சொல்ற வரைக்கும் யாருக்கும் தெரிய வேணாம் அண்ணி."

அக்கா துடைக்கும் துணியை அவள் கையிலிருந்து வாங்கி, மீதி இடத்தைத் தானே துடைத்தாள்.

சாயங்காலம் தம்பியைப் பார்க்க நிலைய அதிகாரி இரண்டு பேரோடு வந்தார். தம்பி சட்டை மாற்றி, தலை வாரி, சிரித்த முகமாக உட்கார்ந்திருந்தான். வெயிலில் காய்ந்த கட்லெட்டுகளைக் கீரை இலையில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினாள் அவன் மனைவி.

அதிகாரி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கூட வந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள்.

"ஏம்மா, எங்க ஆளுக்கு இன்னும் இந்த இலை தழைதானா? எப்படி இளைச்சுட்டான் பாரு. ஒரு வாய் சோறு சூடாப் போட உனக்கு என்னம்மா கஷ்டம்?"

தம்பி தலையைக் குனிந்துகொண்டான். அவன் மனைவி சிரித்தபடி, வழக்கமாகச் சொல்லும் பதிலைச் சொல்ல வாயெடுத்தாள்.

அதற்குள் அக்கா குறுக்கே வந்து நின்றாள்.

"அவளை எதுக்கு சார் சொல்றீங்க? இந்த வீட்டுல அடுப்பே பத்த வைக்கக் கூடாதுன்னு போன்லயே பிடிவாதம் பிடிச்சது நான்தான்."