கோச் வளர்த்த பிள்ளை

மல்யுத்தப் பயிற்சியில் தலைகுப்புற விழுந்த மகன், “நடிக்காதடா, எந்திரி” என்று அப்பா அதட்டியும் எழவில்லை. இப்போது ஆஸ்பத்திரிக் கட்டிலில், கழுத்துப் பட்டையோடு விட்டத்தையே பார்த்துக் கிடந்தான்.

டாக்டரம்மா அவன் கால் கட்டைவிரலில் ஊசியால் குத்தினார்.

“வலிக்குதா?”

“இல்ல.”

பக்கத்தில் நின்ற அப்பாவுக்குப் பெருமை பிடிபடவில்லை. கிளப்புக்கு அவர்தான் கோச்; வீட்டிலும் கோச்தான்.

“வலிக்குதுன்னு அவன் வாயில வராது டாக்டர். கை ஒடிஞ்சப்பவே ஒரு சொட்டுக் கண்ணீர் விடல. ஆம்பளையா வளர்த்திருக்கேன்.”

முழங்காலில் குத்தினார். தொடையில் குத்தினார்.

“இல்ல.”

“இல்ல.”

“பாத்தீங்களா?” என்று சிரித்தார் கோச்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. அவரைக் கதவோரம் அழைத்துப் போய்த் தணிந்த குரலில் சொன்னார்.

“அவன் பொறுத்துக்கல சார். அவனுக்குத் தெரியவே இல்ல. வலிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்.”

கோச் ஓடிவந்து கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

“டேய், வலிக்குதுன்னு ஒரே ஒரு தடவை சொல்லுடா. அப்பா திட்ட மாட்டேன்.”

மகன் விட்டத்தைப் பார்த்தபடியே சொன்னான்.

“வலிக்குதுப்பா.”

கோச் ஆவலாகத் திரும்பினார். டாக்டரம்மா கையில் ஊசியோடு இன்னும் கதவோரம்தான் நின்றிருந்தார்.