துணை: இல்லை

மூளையில் நிணநீர்ப் புற்றுநோய் வந்தவர் எத்தனை நாள் இருப்பார் என்று ஆஸ்பத்திரிக் கணினியில் இருக்கும் கணிப்பான்தான் மதிப்பெண் போடும். நாற்பதுக்குக் கீழே போனால் மருந்து கிடையாது, வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதவருக்கு எட்டு மதிப்பெண் கழியும்.

என் புருஷன் தவசிக்கு முப்பத்தெட்டு வந்தது. அவருக்குப் பேச்சு போயிருந்தது. நான் பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கீழே வெந்நீர் வாங்கப் போன நேரத்தில் டாக்டர் பிரதீபன் வந்து, காலி ஸ்டூலைப் பார்த்துவிட்டு, 'துணை: இல்லை' என்று பதிந்துவிட்டார். திரும்பி வந்ததும் அவர் காலில் விழுந்தேன்.

"கேட்டேன்மா. அவர் ஒண்ணும் சொல்லலையே," என்றார். பதிந்ததை மாற்ற முடியாதாம்.

தவசி போய் ஆறு வருஷம். அதே வார்டில் துணை விவரம் பதியும் வேலைக்கு நான் சேர்ந்து ஐந்து வருஷம்.

இன்று ஏழாம் படுக்கையில் பிரதீபன் கிடந்தார். அதே நோய்தான், பேச்சும் இல்லை. ஸ்டூல் காலியாக இருந்தது. கட்டில் கம்பியில் அவர் மனைவியின் கைப்பை தொங்கியது.

"துணைக்கு ஆள் இருக்காங்களா டாக்டர்?"

நான் தவசியின் மனைவி என்று அப்போதுதான் அடையாளம் தெரிந்தது அவருக்கு. விரலால் கைப்பையைக் காட்டினார். திரும்பத் திரும்பக் காட்டினார். அந்தக் கை ஓய்ந்து விழும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு 'இல்லை' என்று பதிந்தேன்.

அவர் மனைவி பிளாஸ்க்கோடு மூச்சிரைக்க வந்தார்.

"ஏதாவது கேட்டீங்களா சிஸ்டர்?"

"கேட்டேன்மா," என்றேன். "அவர் ஒண்ணும் சொல்லலையே."