மூத்தவள் கட்சி

வேலை பார்க்கும் மருந்துக்கடையில் மதியச் சாப்பாடு முடிந்ததும் மகள் அம்மாவுக்கு ஃபோன் போட்டுவிடுவாள். பேச்சு சீரியலைத் தாண்டாது. அம்மா தன் மூட்டு வலியைப் பற்றி வாயெடுத்தால், "அதை அப்புறம் பேசலாம்மா" என்பாள்.

"நேத்து பார்த்தியா? மூத்த மருமக, சின்னவளுக்குத் திருட்டுப் பட்டம் கட்டி வீட்டை விட்டே துரத்திட்டா!"

"சும்மா துரத்துவாளா? சின்னவளுக்கு வாய் நீளம்."

"அவ வாயையே திறக்கலியேம்மா! உனக்கு எப்பவும் அந்த ராட்சசிதான் உசத்தி."

"ராட்சசியா? அந்தக் குடும்பத்தையே தாங்குறவ அவதான்டி!"

வாடிக்கையாளர்கள் வந்து நிற்கும்வரை சண்டை ஓயாது. "உனக்கு நியாயமே தெரியல" என்று மகள் பட்டென்று ஃபோனை வைப்பாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை சொல்லாமல் கொள்ளாமல் அம்மா வீட்டில் போய் நின்றாள். டிவி மாட்டியிருந்த ஆணியில் துணிக்கொடி கட்டியிருந்தது.

"டிவி எங்கம்மா?"

"அது புகைஞ்சுபோய் மாசக்கணக்காச்சு. சொல்ல வந்தேன், அதுக்குள்ள நீ மூத்தவளைத் திட்ட ஆரம்பிச்சுட்ட."

"அப்ப கதையெல்லாம் எப்படித் தெரியும்?"

"பக்கத்து வீட்டுக்காரி காலையில வந்து சொல்லிடுவா."

மகளின் முகம் சிறுத்துப்போயிற்று. ஆனாலும் கேட்டாள்.

"கண்ணால பார்க்காத ஒருத்திக்கா தினமும் அப்படி வக்காலத்து வாங்கின?"

அம்மா கொடியிலிருந்த துண்டை எடுத்து மடித்தாள்.

"நானும் 'ஆமா'ன்னு சொல்லிட்டா, நீ உடனே ஃபோனை வெச்சுடுவியே."