பெட்டியில் ஒரே ஒரு புகார்

'கேலி, கிண்டல் இல்லாத பள்ளி' என்ற சான்றிதழில் கையெழுத்துப் போடும் முன், அதிகாரி புகார்ப் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரே ஒரு கடிதம்.

"'எல்லார் முன்னாடியும் என்னைக் கரிச்சட்டின்னு கூப்பிடுறாங்க'" என்று சத்தமாக வாசித்தார். "'குடிக்கத் தண்ணி கேட்டா, டம்ளர் அழுக்காயிடும், குழாயில குடின்னு விரட்டுறாங்க.'"

தலைமை ஆசிரியர் துள்ளி எழுந்தார். "எந்த வகுப்புப் பய சார் அப்படிக் கூப்பிட்டது? இன்னைக்கே டிசியைக் கிழிச்சுக் கையில கொடுத்துடறேன்!"

"எழுதினது பையன் இல்லை. இந்தப் பெட்டியைச் செஞ்சு மாட்டின வெல்டர்."

"வெல்டரா?"

"கூப்பிட்டது தலைமை ஆசிரியர்னும் எழுதியிருக்கார்."

அதிகாரி சான்றிதழை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

"யோவ் பியூன்! இந்தப் பெட்டியைப் பிடுங்கி வெளியில எறி!" என்று கத்தினார் தலைமை ஆசிரியர்.

பியூன் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"வராது சார். அசையவே கூடாதுன்னு நீங்கதானே ஜன்னல் கம்பியோட சேர்த்து வெல்டு அடிக்கச் சொன்னீங்க? எடுக்கணும்னா மறுபடியும் கரிச்சட்டியைத்தான் கூப்பிடணும்."